லேப்டாப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில்

ஜனவரி மாதம் கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கும். நாட்டின் பல ஊர்களிலிருந்தும் பொறியியல் மாணவர்கள், தாங்களே வரைந்து, குழாய் வளைத்து, வெல்டிங் வைத்த ஒற்றை இருக்கைக் கார்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்குவார்கள். மின்சாரக் கார்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பெட்ரோல் கார்களில் பலவற்றுக்கு முதுகுப் பக்கம் உட்கார்ந்திருப்பது கேடிஎம் 390 பைக்கின் 373 சிசி இன்ஜின்தான். கோவை பீளமேட்டுக்காரர்களுக்கு இது உள்ளூர் ஆட்டம். பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி, கோயமுத்தூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி இரண்டும் அவிநாசி ரோட்டின் மேலேயே இருக்கின்றன. லேத், மில்லிங், வயர் கட்டிங் எது வேண்டுமென்றாலும் நடந்து போகிற தூரத்தில் ஒரு பட்டறை கிடைக்கும்.

உலோக வேலையில் சிக்கல் வந்தால் கைகொடுக்க இந்த ஊரில் ஆள் உண்டு. ஆனால் இன்ஜின் கம்ப்யூட்டரான இசியுவை டியூன் செய்ய லேப்டாப்பைத் திறக்கும்போது ஒரு சிக்கல் வரும். அதைத் தீர்க்க லேத் பட்டறைக்காரரால் ஆகாது. "இசியு கனெக்ட் ஆக மாட்டேங்குதுங்ணா. போர்ட்டே காட்டல." அடுத்த கேள்வி தானாக வரும்: "இசியு போயிருச்சோ?"

பெரும்பாலும் இசியு போயிருக்காது. கோளாறு அதற்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உள்ள ஒரு மீட்டர் வயரில் இருக்கும், அல்லது அதன் நுனியில் இருக்கும் சின்ன சிப்பில், அல்லது அந்த சிப்புக்கான டிரைவர் என்னும் மென்பொருளில். முப்பதாயிரம் ரூபாய் இசியுவைச் சந்தேகப்படுகிறவர்கள் முந்நூறு ரூபாய் கேபிளைச் சந்தேகப்படுவதில்லை. அந்தக் கேபிளின் வழியே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கார்புரேட்டர் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. பந்தய மைதானத்துக்குப் பெயர் தந்த எஸ். கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களை இந்த ஊரில் கட்டியபோது, இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை ஜெட்டின் துளையும் ஒரு ஸ்க்ரூவும் முடிவு செய்தன. ஸ்க்ரூ டிரைவரும் நல்ல காதும் இருந்தால் போதும். கரி 1995-ல் விமான விபத்தில் இறந்தார்; மைதானம் 2003-ல் திறந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் நம் சாலைகளிலும் கார்புரேட்டர் விடைபெற்று எரிபொருள் இன்ஜெக்ஷன் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு சாதாரண ஸ்கூட்டரில்கூட ஒரு இசியு உட்கார்ந்துகொண்டது.

மாணவர் காருக்கு இன்ஜினோடு வரும் கம்பெனி இசியு ஏன் போதாது? போட்டி விதிப்படி, உள்ளே போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். சக்தியைக் கட்டுக்குள் வைக்க இந்த ஏற்பாடு. கம்பெனி எழுதிய கணக்கு, இந்தக் கழுத்து நெரிப்பு இல்லாத இன்ஜினுக்கானது. அதை வெளியாள் திருத்த முடியாதபடி பூட்டியும் வைத்திருப்பார்கள். அதனால் குழுக்கள் தாங்களே நிரப்பக்கூடிய இசியுவுக்குப் போகின்றன. அமெரிக்காவின் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் 2001 வாக்கில் தொடங்கிய மெகாஸ்க்வர்ட், ஆர்டுவினோ மெகா போர்டின் மேல் கட்டப்பட்ட ஸ்பீடுவினோ, இவை தவிர விலை உயர்ந்த பந்தய இசியுக்கள் என்று நிறைய உண்டு.

எல்லாவற்றின் உள்ளேயும் அடிப்படை ஒன்றே. இன்ஜின் சுழலும் வேகம் ஒரு பக்கம், காற்று அழுத்தம் இன்னொரு பக்கம் என்று ஓர் அட்டவணை. 16-க்கு 16 என்றால் 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், அந்த நிலையில் சிலிண்டர் எவ்வளவு காற்றை இழுக்கும் என்பதற்கான எண். அதற்கேற்ப இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று இசியு கணக்கிடும். பெட்ரோல் ஒரு கிராமுக்குக் காற்று 14.7 கிராம் என்பது முழு எரிப்புக்கான விகிதம்; முழு சக்தி வேண்டும்போது பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டுவார்கள். டியூனிங் என்றால் அந்த 256 எண்களை, சைலன்சர் குழாயில் மாட்டிய ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைப் பார்த்துத் திருத்துவது. ஸ்பார்க் நேரத்துக்கு இதே போல இன்னொரு அட்டவணை.

இன்ஜினை ஓட்டுவது இசியுதான். லேப்டாப்புக்கு அதில் பங்கே இல்லை. ஃப்ளைவீல் பல்லை எண்ணுவது, ஸ்பார்க் கொடுப்பது, இன்ஜெக்டரைத் திறப்பது எல்லாம் இசியுவுக்குள்ளேயே மைக்ரோசெகண்ட் கணக்கில் நடந்து முடிகின்றன. லேப்டாப் ஒரு ஜன்னல் மட்டுமே. கேபிளைப் பிடுங்கினாலும் இன்ஜின் ஓட வேண்டும். பிடுங்கும்போது இன்ஜின் தடுமாறினால் வயரிங்கில், குறிப்பாக எர்த்தில், ஏதோ தவறு இருக்கிறது.

இனி வயருக்கு வருவோம். யூஎஸ்பி 1996-ல் வெளிவந்தது. அதை வடிவமைத்த இன்டெல் குழுவின் முக்கியப் பெயர்களில் ஒன்று, பரோடாவில் படித்துவிட்டு அமெரிக்கா போன அஜய் பட். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் ஒரே சாக்கெட் என்பது அவர்கள் கனவு. மேசை மேல் இருக்கும் பொருள்களுக்காகச் செய்ததை நாம் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாயும் இக்னிஷன் காயிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறோம். அதற்கான விலையைப் பிறகு பார்க்கலாம்.

சாதாரண யூஎஸ்பி கேபிளில் நான்கு கம்பிகள். 5 வோல்ட், எர்த், தகவலுக்கு இரண்டு. செல்போன் சார்ஜ் செய்ய மட்டும் என்று விற்கும் சில கேபிள்களில் தகவல் கம்பிகள் இரண்டும் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. எத்தனையோ 'இசியு டெட்' தீர்ப்புகளுக்கு இந்தக் கேபிள்தான் காரணம். நல்ல கேபிளில், கருவி தன் தகவல் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும். அந்தச் சின்ன வோல்டேஜைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று தெரிந்துகொள்கிறது. பிறகு அந்தக் கருவியை ரீசெட் செய்து, ஒரு முகவரி கொடுத்து, 'நீ யார்?' என்று கேட்கும். பதிலில் இரண்டு எண்கள் வரும். ஒன்று தயாரிப்பாளர் எண், மற்றது பொருள் எண்.

நம் ஊரில் கிடைக்கும் கேபிள்களிலும் போர்டுகளிலும் இந்த எண்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். 0403 என்று தொடங்கினால் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த எஃப்டிடிஐ சிப். 1ஏ86 என்றால் சீனாவின் சிஎச் 340. 067பி என்றால் தைவானின் பிராலிஃபிக். 10சி4 என்றால் அமெரிக்காவின் சிலிக்கான் லேப்ஸ். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அந்தக் கருவியின் பிராபர்டீஸில் 'ஹார்டுவேர் ஐடி' பார்த்தால் இந்த எண் தெரியும். எந்த டிரைவரை இறக்க வேண்டும் என்பதை இந்த எண்தான் சொல்லும், பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் சொல்லாது. கூகுளில் தேடி 'எல்லா கேபிளுக்கும் ஒரே டிரைவர்' என்று வரும் முதல் பக்கத்திலிருந்து இறக்குவதைப் போன்ற வினை வேறில்லை. சிப் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இந்த சிப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இசியுவின் மூளை யூஎஸ்பி பேசாது. 1960-களில் வந்த சீரியல் முறையைத்தான் பேசும். ஒரு கம்பியில் போக, ஒரு கம்பியில் வர, பிட் பிட்டாக. பழைய கம்ப்யூட்டர்களின் முதுகில் ஒன்பது பின் சாக்கெட் ஒன்று இருக்குமே, அதே. லேப்டாப்பிலிருந்து அந்தச் சாக்கெட் காணாமல் போன பிறகு, யூஎஸ்பிக்கும் சீரியலுக்கும் நடுவே மொழிபெயர்க்க இந்த சிப் வந்தது. டிரைவர் என்பது அதன் மறுபாதி. அதுதான் விண்டோஸிடம் 'இங்கே ஒரு சீரியல் போர்ட் இருக்கிறது' என்று சொல்லி, காம் 3, காம் 7 என்று ஓர் எண் வாங்கித் தரும். டியூனிங் மென்பொருள் அந்தக் காம் எண்ணை மட்டுமே பார்க்கும்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்தால் பதற வேண்டாம். அதன் மேல் இரண்டு தடவை தட்டி, எந்த 'கோட்' என்று பாருங்கள். 28 என்றால் டிரைவர் இல்லை. அதுதான் இருப்பதிலேயே சுலபமான நோய். 43 என்றால் 'நீ யார்?' என்ற கேள்விக்கே ஒழுங்கான பதில் வரவில்லை: கேபிள், சாக்கெட், சால்டரிங், சிப் இவற்றில் ஏதோ ஒன்று. இதற்கு டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுப் பயன் இல்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் வேலை செய்ய மறுக்கிறது. இதில் ஒரு பெரிய கதையே இருக்கிறது.

எஃப்டிடிஐ சிப்புக்கு நல்ல பெயர் இருந்ததால் சந்தையில் போலிகள் குவிந்தன. வெளியே அதே எழுத்து, உள்ளே வேறு சிலிக்கான், ஆனால் அதே 0403 எண்ணைச் சொல்லி அதே டிரைவரில் ஓடிக்கொண்டிருந்தன. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலி சிப்பைக் கண்டால் அதன் பொருள் எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதியது. அதன் பிறகு அந்தக் கருவியை எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அடையாளம் தெரியாது. போலி என்று தெரியாமல் வாங்கியவர்களின் பொருள்தான் பாழானது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். 2016-ல் வந்த இன்னொரு டிரைவர் சற்று வேறு வழியில் போனது. போலி சிப் என்றால், வரவேண்டிய தகவலுக்குப் பதிலாக 'அசல் அல்லாத கருவி' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகத்தை சீரியல் ஓட்டத்திலேயே அனுப்பியது. இன்ஜின் வெப்பநிலை வரவேண்டிய இடத்தில் இந்த எழுத்துகள் வந்தால் டியூனிங் மென்பொருள் என்ன செய்யும்? போர்ட் திறக்கும், இசியு பேசாது. போலியை எதிர்க்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்கியவர் கையிலிருக்கும் பொருளுக்குள் புகுந்து எழுதுவது அத்துமீறல் என்றே நினைக்கிறேன்.

பிராலிஃபிக் கம்பெனி வேறு விதமாகச் செய்தது. அதன் புதிய டிரைவர்கள் பழைய பிஎல் 2303 சிப்புகளையும் அவற்றின் போலிகளையும் ஏற்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் கருவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்திலேயே, இந்த சிப் 2012-ல் கைவிடப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று எழுதி வரும். விற்றவர் காந்திபுரத்தில் ஒரு பிளாட்பாரத்துக்காரர் என்றால் எங்கே போய்க் கேட்பது? பழைய டிரைவரைத் தேடிப் போட்டுச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த விண்டோஸ் அப்டேட் அதை மறுபடி மாற்றிவிடும், அதுவும் போட்டிக்கு முதல் நாள் ராத்திரி. ஒரு நல்ல கேபிளின் விலை அந்த ராத்திரியை விடக் குறைவு.

லினக்ஸ் பயன்படுத்துகிற மாணவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். இந்த சிப்புகளுக்கான டிரைவர்கள் அங்கே கெர்னலோடு வந்துவிடும். ஆனால் உபுண்டு 22.04-ல் சிஎச் 340 கேபிளை மாட்டினால் போர்ட் தோன்றி உடனே மறையும். பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் காட்சிக் கருவிகளுக்கான ஒரு நிரல் அதில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பிரெயில் கருவிக்கும் அதே எண்கள் என்பதால், உங்கள் இசியுவைப் பிரெயில் கருவி என்று நினைத்து அது பிடித்துக்கொள்ளும். அந்த நிரல் தேவைப்படாத கம்ப்யூட்டரில் அதை நீக்கிவிட்டால் சரியாகிவிடும். கூடவே, பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்க்கவும் வேண்டும். இல்லையென்றால் போர்ட் இருக்கும், திறக்க அனுமதி இருக்காது.

இன்னொரு சின்னத் தொல்லை காம் எண். எஃப்டிடிஐ சிப்பில் வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை எண் இருக்கும். அதனால் எந்தச் சாக்கெட்டில் மாட்டினாலும் விண்டோஸ் பழைய காம் எண்ணையே கொடுக்கும். மலிவான சிஎச் 340-ல் வரிசை எண் கிடையாது. வலது பக்கச் சாக்கெட்டில் காம் 4, இடது பக்கத்தில் மாட்டினால் காம் 9. நேற்று வேலை செய்தது இன்று வேலை செய்யவில்லை என்பதற்குப் பின்னால் பலமுறை இதுதான் இருக்கும். சாக்கெட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டி, எப்போதும் அதிலேயே மாட்டுங்கள்.

போர்ட் வந்துவிட்டது, எண்ணும் சரி. இப்போது நேரம் பற்றிப் பேச வேண்டும். யூஎஸ்பியில் கருவி தானாகப் பேச முடியாது, கம்ப்யூட்டர் கேட்டால்தான் பேசலாம். சீரியல் பக்கத்தில் வந்த தகவலை எஃப்டிடிஐ சிப் ஒரு தாங்கியில் சேர்த்து வைக்கும். காந்திபுரத்தில் மினி பஸ் நிற்பது போலத்தான்: சீட் நிறைய வேண்டும், அல்லது டைம் கீப்பர் விசில் ஊத வேண்டும். இங்கே சீட் 62 பைட். விசில் 16 மில்லிசெகண்ட். மென்பொருள் கேட்ட கேள்விக்கு இசியு பத்தே பைட்டில் பதில் சொன்னாலும், அந்தப் பத்து பைட் 16 மில்லிசெகண்ட் உட்கார்ந்திருக்கும்.

அதில் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். 6000 ஆர்பிஎம்மில் இன்ஜின் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் 10 மில்லிசெகண்ட். கேடிஎம் இன்ஜின் 9000-க்கு மேலும் போகும். அங்கே ஒரு சுற்று 7 மில்லிசெகண்டுக்கும் குறைவு. ஒவ்வொரு கேள்வி பதிலுக்கும் இரண்டு சுற்று தாமதம் என்றால், த்ராட்டிலைத் திறந்த நொடியில் கலவை மெலிந்ததா என்று பதிவில் பார்க்க முடியாது; அந்த நொடியே பதிவாகாமல் போயிருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் 'லேட்டன்சி டைமர்' என்று ஒன்று இருக்கும். 16 என்று இருப்பதை 1 ஆக்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் வேகம் இது ஒன்றுதான்.

ஆனால் வேகத்தின் மொத்த எல்லையை வைப்பது சீரியல்தான். 115200 என்ற வேகத்தில் ஒரு பைட்டுக்குத் தொடக்கம், முடிவு சேர்த்து 10 பிட் ஆகும். நொடிக்கு 11,520 பைட். இசியு ஒருமுறை அனுப்பும் தகவல் 120 பைட் என்றால் நொடிக்கு 96 முறைக்கு மேல் வராது. பழைய கார்களின் கே-லைன் என்ற ஒற்றைக் கம்பி முறையில் வேகம் 10400 தான், அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஸ்பீடுவினோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஆர்டுவினோ மெகா போர்டில், கம்ப்யூட்டர் போர்ட்டைத் திறந்ததும் போர்டு ரீசெட் ஆகும்படி ஒரு சின்ன கெப்பாசிட்டர் வைத்திருக்கிறார்கள். புதிய நிரல் ஏற்ற வசதியாகச் செய்தது அது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பை மாட்டி 'கனெக்ட்' அழுத்தினால் இன்ஜின் கம்ப்யூட்டரே ஒரு நொடி இறந்து பிழைக்கும். மேசையில் இது தெரியாது. இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் தெரியும். ஒன்று, முதலில் லேப்டாப்பை இணைத்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். அல்லது நிரல் ஏற்றி முடித்த பின் அந்த ரீசெட் வழியைத் துண்டித்துவிட வேண்டும்.

இதே போர்டு யூஎஸ்பியின் 5 வோல்ட்டிலேயே உயிர் பெறும் என்பதால் இன்னொரு பொறி உண்டு. சாவி போடாமல் லேப்டாப் மின்சாரத்திலேயே சென்சார்களை அளவு வைத்துவிடுவார்கள். அந்த மின்சாரம் கேபிளில் இறங்கி 4.7 வோல்ட்டாக வந்து சேரலாம். போர்டு அதையே 5 என்று எடுத்துக்கொள்ளும். தனி மின்சாரத்தில் ஓடும் ஆக்ஸிஜன் சென்சார் கன்ட்ரோலர் 2.5 வோல்ட் அனுப்பினால் இங்கே 2.66 என்று படிக்கும். கலவை நன்றாக இருக்கும்போதே மெலிந்திருப்பதாகத் தோன்றும், அல்லது மெலிந்திருக்கும்போது நன்றாக இருப்பதாக. மெலிந்த கலவையில் பிஸ்டன் உருகும். சாவி போட்டு, பேட்டரி மின்சாரத்தில்தான் அளவு வைக்க வேண்டும்.

யூஎஸ்பியை இக்னிஷன் காயிலுக்குப் பக்கத்தில் வைத்ததற்கான விலைக்கு இப்போது வரலாம். லேப்டாப் நன்றாக இணைந்திருக்கும். ஐடிலில் எல்லாம் சரி. த்ராட்டிலைத் திறந்ததும் விண்டோஸ் அந்தக் கருவி பிடுங்கப்பட்ட ஓசையை எழுப்பும், மென்பொருள் 'ஆஃப்லைன்' காட்டும். இதற்கும் பலர் டிரைவரைத் திட்டுவார்கள். ஆனால் டிரைவர் த்ராட்டிலைப் பார்ப்பதில்லை. சுமை கூடும்போது சிலிண்டர் அழுத்தம் கூடும், அப்போது பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். அந்தத் துடிப்பின் அதிர்வு பக்கத்தில் ஓடும் யூஎஸ்பி கேபிளில் ஏறி, இரண்டு தகவல் கம்பிகளையும் குழப்பும். ஒருமுறை குழம்பினால் யூஎஸ்பி மறுபடியும் முதலிலிருந்து 'நீ யார்?' கேட்கத் தொடங்கும். ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக் போட்டிருக்கிறதா பாருங்கள். என்ஜிகே பிளக் என்றால் எண்ணில் 'ஆர்' எழுத்து இருக்கும். கேபிளைக் குட்டையாக, ஷீல்டு உள்ளதாக, காயிலை விட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே நல்ல தடித்த எர்த் பட்டை இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அறுபட்டால் யூஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்று வாங்கலாம். அனலாக் டிவைசஸ் கம்பெனியின் ஏடியூஎம் 3160 போன்ற சிப்பை வைத்தது. கம்பித் தொடர்பே இல்லாமல், நுண்ணிய காயில்கள் வழியாகக் காந்தத் துடிப்பில் தகவலைக் கடத்தும். லேப்டாப் சார்ஜரின் எர்த்தும் காரின் எர்த்தும் சண்டை போடுவதும் இதில் நின்றுவிடும். பக்கத்திலேயே வெல்டிங் மெஷின் ஓடும் பட்டறையில் சார்ஜரைச் செருகியபடி டியூன் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; குறைந்தபட்சம் அந்த நேரத்துக்கு லேப்டாப் தன் பேட்டரியில் ஓடட்டும்.

உண்மையில் காருக்கென்றே பிறந்த வழி ஒன்று இருக்கிறது. பாஷ் கம்பெனி 1986-ல் அறிமுகப்படுத்திய கேன். முறுக்கிய இரண்டு கம்பிகள், ஒன்றில் ஏறும்போது மற்றொன்றில் இறங்கும்; இரண்டின் வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் வெளிச்சத்தம் இரண்டிலும் ஒன்றாக ஏறித் தானே கழிந்துவிடும். அதே பாஷின் மென்பொருள் பிரிவுக்குக் கோவையிலேயே பெரிய அலுவலகம் இருக்கிறது. சாலைக் கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில் 6, 14 எண் பின்கள் கேன். 16 பேட்டரி பாசிட்டிவ். 4, 5 எர்த். இந்தியாவில் ஓபிடி-2 கார்களுக்கு 2013 ஏப்ரலில் கட்டாயமானது. நீங்களே கட்டிய காரில் கேன் பேசவில்லை என்றால், எல்லா மின்சாரத்தையும் அணைத்துவிட்டு அந்த இரண்டு கம்பிக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 60 ஓம் காட்ட வேண்டும். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் என்பதால். 120 காட்டினால் ஒரு முனை ரெசிஸ்டர் இல்லை. இந்தச் சோதனைக்கு டிரைவரே தேவையில்லை.

ஓபிடி சாக்கெட்டில் மாட்ட ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'ஈஎல்எம் 327' கருவிகள் வேறு சங்கதி. அசல் சிப் கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் செய்தது. அந்தக் கம்பெனி 2022-ல் மூடிவிட்டது. சந்தையில் மலிந்து கிடக்கும் 1.5 என்ற பதிப்பை எல்ம் வெளியிட்டதே இல்லை. எரர் கோட் படிக்க அவை போதும். இசியுவுக்குள் எழுத அவற்றை நம்பக் கூடாது. எழுதுவதற்கென்று ஜே 2534 என்ற தரத்தில் வரும் பாஸ்-த்ரூ கருவிகள் வேண்டும். அவற்றிலும் ஒரு சிக்கல்: பல டிரைவர்கள் 32 பிட் நூலகமாக மட்டும் வரும், 64 பிட் மென்பொருளின் பட்டியலில் அவை தெரியாது. கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புமுன் அதைப் பாருங்கள்.

எழுதும்போது நடப்பது படிப்பதிலிருந்து அடியோடு வேறு. அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றுவது சிறு வேலை, பாதியில் நின்றாலும் மறுபடி செய்யலாம். ஃபர்ம்வேர் முழுவதையும் ஏற்றும்போது ஃப்ளாஷ் நினைவகத்தை முதலில் அழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். நடுவில் அறுந்தால் இசியுவுக்குள் அரைகுறை நிரல். மீட்புக்கான பூட்லோடர் தனியாக இருந்தால் பிழைக்கும், இல்லையென்றால் அட்டையைப் பிரித்து எழுத வேண்டும். ஆகவே பேட்டரிக்குச் சார்ஜர் போட்டு வோல்டேஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட், ஃபேன் அணையுங்கள். லேப்டாப்பின் ஸ்லீப், விண்டோஸ் அப்டேட், யூஎஸ்பி சாக்கெட்டைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பு மூன்றையும் முன்கூட்டியே நிறுத்துங்கள். கேபிளை யாரும் தட்டிவிடாத இடத்தில் வையுங்கள்; பட்டறையில் இதுதான் நடைமுறையில் கடினம்.

இவ்வளவும் பந்தய மைதானத்துக்கும் கல்லூரிக் காருக்கும். சாலையில் ஓடும் வண்டியின் அட்டவணையை, அதாவது மேப்பை, பணம் கொடுத்து மாற்றுகிறவர்கள் இந்த ஊரிலும் இருப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. புகை அளவைக் குறைக்க எழுதிய கணக்கை அழித்து எழுதினால் கம்பெனி வாரண்டியும் போகும். கேபிள் இருக்கிறது, டிரைவர் வேலை செய்கிறது என்பதெல்லாம் அதைச் செய்ய அனுமதி ஆகாது.

கல்லூரிகளிடம் ஒரு கோரிக்கை. பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் பிரிவில் கார்புரேட்டரைக் கழற்றி மாட்ட இன்னும் நேரம் ஒதுக்குகிறோம். அதில் ஒரு மதியத்தை எடுத்து, நான்கு வகை சிப் உள்ள கேபிள்களையும் ஒரு மல்டிமீட்டரையும் மாணவர் கையில் கொடுத்து, எது ஏன் பேசவில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். செட்டிப்பாளையத்துக்குப் போகும் குழுக்களுக்கும் ஒரு சொல்: நன்றாக ஓடிய மேப்பையும், உங்கள் சிப்புக்கான டிரைவர் கோப்பையும் ஒரு பென் டிரைவில் போட்டு, சோதித்துப் பார்த்த இரண்டாவது கேபிளோடு டூல் பாக்ஸில் வையுங்கள். மைதானத்தில் சிக்னல் கிடைத்து டிரைவர் இறங்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.